எங்க வூடு இல்லன்னு மட்டும் சொல்லு

அருள்மொழி பேசியது மொத்தம் நாற்பது நிமிஷம். அதில் முப்பத்தொன்பது நிமிஷத்தை அங்கன்வாடியிலேயே உதறிப் போட்டுவிட்டுப் பெண்கள் எழுந்தார்கள். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பாகூர் ஏரிக்குக் கிழக்கே, ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் கரும்பு என்று நடுவில் நெருங்கிக் கிடக்கும் நாற்பத்தோரு வீட்டுத் தெரு அது. ஆடி பிறந்த முதல் வாரத்தில் மகளிர் குழுக் கூட்டம். குழந்தைவேலின் இளைய மகள் அருள்மொழி புதுச்சேரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரியில் ரெட் ரிப்பன் கிளப் என்று ஒன்று. அதில் மூன்று நாள் பயிற்சி எடுத்து, சட்டைப் பூ மாதிரி ஒரு சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, கல்யாணத்துக்கு முன்னால் பையனும் பெண்ணும் ஏன் டெஸ்ட் எடுக்க வேண்டும், புருஷனிடம் ஆணுறை போடச் சொல்வதில் என்ன வெட்கம் என்று பேசினாள். ஆணுறை என்ற இடத்தில் மட்டும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மற்ற இடங்களில் கொட்டாவி.

குழுத் தலைவி காசம்மாள்தான் வம்புக்கு இழுத்தது.

"இதெல்லாம் லாரிக்காரனுக்கு வர்ற சீக்குடி. டவுனுல போயி சொல்லு. நம்ம தெருவுல எவளுக்குக் கீது?"

கடையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: வாங்க வந்தவன் சரக்கை மட்டம் தட்டினால் குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் சொல்ல வேண்டாததெல்லாம் வெளியே வந்து விழும். அருள்மொழிக்கு இருபது வயது. கடைப் பக்கம் நின்றவள் இல்லை.

"ஏன் பெரியம்மா, நம்ம தெருவுலயே ஒருத்தங்க கீறாங்க. மாத்திர போட்டுக்கினு உங்கள மாதிரி, என்ன மாதிரி நல்லாத்தான் கீறாங்க."

கொட்டாவி விட்டவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த செல்வகுமாரி பாயிலிருந்து ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்ப்பதை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை. முப்பத்துநாலு வயது. புருஷன் செத்து ஆறு வருஷம். மஞ்சள்காமாலை என்று தெருவுக்குச் சொன்னது. ஏழாவது படிக்கிற ஒரு மகள். மாசத்துக்கு ஒரு தடவை வில்லியனூர் மாதா கோயிலுக்கு நேர்ச்சை என்று கிளம்புவாள். அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவாள். போன மாசியில் அந்த பஸ்ஸில் அருள்மொழியின் ரிப்பனைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "பொண்ணுக்கு இல்ல, மூணு தரம் பார்த்துட்டாங்க" என்று அதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

அருள்மொழி பேரைச் சொல்லவில்லைதான். நாற்பத்தோரு வீட்டில் ஒருவர் என்று சொல்லிவிட்டால் பேரைத் தேடிக்கொள்ளத் தெருவுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை ஆறு மணிக்கே காசம்மாள் வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"அருளு, ஒண்ணே ஒண்ணு. எங்க வூடு இல்லன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் வாணாம்."

"உங்க வூட்டப் பத்தி உங்களுக்குத் தெரியாதா பெரியம்மா?"

"எனக்குத் தெரியும்டி. தெருவுக்குத் தெரியணும்ல? நீ சொன்னாத்தான் நம்புவாளுங்க."

"நான் சொல்லமாட்டேன்."

"அப்ப எங்க வூடுதானா?"

"அதையும் சொல்லமாட்டேன்."

மீன்காரியைத் தலைக்கூடையை இறக்க வைத்துவிட்டு, அரை மணி நேரம் பேசி, ஒரு வஞ்சிரத் தலையை இனாமாக வாங்குகிறவள் காசம்மாள். அவ்வளவு சுலபத்தில் விடுவாளா?

"சரி, பேரு வாணாம். ஆம்பளயா, பொம்பளயா?"

"பெரியம்மா..."

"சரி வுடு. கெழக்குச் சாரியா, மேக்குச் சாரியா? அதச் சொல்றதுல இன்னா குடி முழுவுது? பாதித் தெரு நிம்மதியாத் தூங்குமில்ல?"

அருள்மொழி கீரையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். காசம்மாள் அதை வாசலில் போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் பதினோரு வீட்டார் வந்துவிட்டார்கள். ஒருத்தி பலாச்சுளை கொண்டு வந்தாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தன் தன் வீட்டைப் பற்றிக் கேட்காமல் தம்பி வீட்டைப் பற்றிக் கேட்டான். எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் வேண்டியிருந்தது: இல்லை.

"சொல்லித் தொலையேன்டி" என்றாள் அம்மா கலியம்மாள். "இல்லாதவங்களுக்கு இல்லன்றதுல இன்னா பாவம்?"

"நாப்பது வூட்டுக்கு இல்லன்னு சொன்னா, மிச்சம் நிக்கிறது யாரும்மா?"

கலியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"அப்ப நம்ம வூட்டுக்கு மட்டுமாவது சொல்லு. அக்காவுக்கு ஆவணியில கல்யாணம் கீது, மறந்துட்டியா?"

"ஒருத்தருக்குச் சொன்னா அத்தன பேருக்கும் சொல்லணும்மா."

"வாயத் தொறக்காத எடத்துல தொறக்கறது, தொறக்க வேண்டிய எடத்துல மூடிக்கறது! இதத்தான் மூணு நாளு பிரியாணி போட்டு சொல்லிக் குடுத்தாங்களா?"

பயிற்சியில் முதல் நாள் முதல் பாடமே அதுதான்: அடையாளம் தெரிகிற மாதிரி எதுவும் பேசாதே. அருள்மொழி அதை எழுதி வைத்திருந்தாள். அடிக்கோடும் போட்டிருந்தாள். காசம்மாள் மட்டம் தட்டினாள் என்று அந்த ஒன்றைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, தெருக்குழாயடியில் பத்துக் குடம் வரிசையில் நிற்கும்போது, செல்வகுமாரி கேட்டாள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"இன்னா அருளு, எல்லாரும் கேட்டுட்டாங்க, நான் கேக்க வாணாமா? எங்க வூடு இல்லன்னு சொல்லிடு."

கேட்காத வீடு எது என்று காசம்மாள் விரலை மடக்கிக்கொண்டிருப்பது அவளுக்கும் எட்டியிருக்கிறது. அருள்மொழி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கெஞ்சல் இல்லை. காறித் துப்பாததுதான் பாக்கி.

"யாருக்கும் சொல்லமாட்டேங்க்கா. உங்களுக்கும் சொல்லமாட்டேன்."

"பெரிய நீதிபதி" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வகுமாரி போனாள். தண்ணீர் வழிநெடுகச் சிந்திக்கொண்டே போனது.

ஆடி மாசத்தில் கரும்புக் காட்டில் சோகை உரிக்கிற வேலை. காய்ந்த தோகையைக் கணுக்கணுவாகப் பிடுங்கிப் போட வேண்டும். நாகராஜன் நிலத்தில் பத்துப் பெண்கள். அவர்தான் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவரும். புருஷன்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் கரும்புக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது சட்டை கிழிந்து, கழுத்திலும் புறங்கையிலும் கத்தி கீறினாற்போல் ரத்தம் கோடு போட்டிருக்கும். காற்று உள்ளே வராது. வியர்வை அந்தக் கோடுகளில் இறங்கும்போது மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். வரப்பில் ஒரு குடம் தண்ணீர், ஒரு சொம்பு. பத்துப் பேருக்கும் அதுதான்.

அந்த வாரம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் வந்துவிட்டது. குடம் வெயிலில் தனியாகக் காய்ந்தது.

சனிக்கிழமை கல்லூரி இல்லை. அருள்மொழியும் அம்மாவோடு சோகைக்கு வந்தாள். உள்ளே நாலு வரிசை தள்ளிக் காசம்மாளின் குரல்.

"இந்தத் தோகையில ரத்தம் கீது பாரு. யாருதோ! எல்லாரும் அவங்கவங்க வரிசையிலயே நில்லுங்கடி. மாத்தி நிக்காதீங்க."

"பெரியம்மா!" அருள்மொழி கரும்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கன்னத்தில் கீறல். "காஞ்ச ரத்தத்துல பரவாது. தண்ணியில பரவாது. சொம்புல பரவாது. மாத்திர ஒழுங்கா சாப்டறவங்ககிட்ட இருந்து புருஷனுக்கே பரவாது. அன்னிக்கு இதத்தான சொன்னேன்?"

"யாருன்னே சொல்லாதவ. நீ சொன்னா நாங்க நம்பணுமா?"

அருள்மொழி குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, வாய் வைத்து, மூச்சு விடாமல் குடித்தாள். கொதிக்கிற தண்ணீர். குடித்துவிட்டுச் சொம்பை அடுத்தவளிடம் நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. செல்வகுமாரி தன் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா" என்று காசம்மாள் கிசுகிசுத்தது காட்டுக்கே கேட்டது. "பயம் இல்லாம குடிக்கிறா. அப்ப அவங்க வூட்டுலதான்."

இந்த வதந்தி பஸ் ஏறி வில்லியனூர் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. மூத்தவள் சுவேதாவுக்கு நிச்சயம் பண்ணிய நவீன்குமாரின் அம்மா, பூவும் பழமும் இல்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்படி வெறுங்கையோடு வந்ததிலேயே கலியம்மாளுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல சம்மந்தி. சொந்தக்காரங்க நாலு பேரு கேக்கறாங்க. உங்க சின்னப் பொண்ணு எதிரில நின்னு, எங்க வூடு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். போனுல ரெக்கார்டு பண்ணிக்கினு போயிடறேன்."

குழந்தைவேல் டிராக்டர் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் கேலிதான். அன்றைக்கு அதுகூட வரவில்லை. "சொல்லும்மா" என்றார். மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"சொல்லமாட்டேம்ப்பா."

சம்மந்தியம்மாள் சிரித்தாள். "அப்ப பெரியவளுக்கு ஒரு டெஸ்ட்டு எடுத்து சீட்டு குடுத்துடுங்க. முடிஞ்சுது."

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சுவேதா வெளியே வந்தாள். வில்லியனூர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை விரிக்கிற வேலை அவளுக்கு. கோபத்தைச் சிரித்த முகத்தோடு பேசப் பழகியவள்.

"எடுத்துக்கறேன் அத்த. செவ்வாக்கெழம எனக்கு லீவு. அவரையும் வரச் சொல்லுங்க. ஒண்ணாவே எடுத்துக்கலாம்."

"எம்புள்ளைக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

"ஓசூருல கம்பெனி வேல பாக்கறான்டி எம்புள்ள!"

"நானும் கடை வேலதான் பாக்கறேன் அத்த."

காபி ஆறிக்கொண்டிருக்க, ஆட்டோ திரும்பிவிட்டது. சுவேதா தங்கையிடம் ஒரு சொல் பேசவில்லை. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுக்க எடுத்து வைத்திருந்த ஜாக்கெட் துணியை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். பெட்டியைச் சாத்தியபோது மட்டும் வீடு அதிர்ந்தது.

ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ். அந்தத் தெருவில் கூழ் ஊற்றுவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, பானைக் கழுத்தில் வேப்பிலை கட்டி, அந்த வீட்டுப் பெண் தலையில் சுமந்து வருவாள். கோயில் வாசலில் நிற்கிற பெரிய அண்டாவில் நாற்பத்தோரு வீட்டுக் கூழும் ஒன்றாக ஊற்றப்படும். பூசாரி துடுப்பால் கலக்கியபின் யார் வீட்டுக் கூழ் எது என்று அம்மனாலும் பிரிக்க முடியாது. அதைத்தான் எல்லாரும் குடிக்க வேண்டும்.

பானைகள் வரிசையாக நின்றன. பம்பை அடித்து ஓய்ந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. நாகராஜன் மைக்கைப் பிடித்தார்.

"கூழக் கலக்கறதுக்கு முன்னாடி ஒரு வெவகாரம். தெருவுல ஒரு வூட்டுல அந்த நோய் கீதுன்னு குழந்தைவேலு பொண்ணு சொல்லிச்சி. யாருன்னு சொல்லமாட்டேங்குது. தெரியாம எப்டி ஒண்ணாக் கலக்கறது?"

"கொதிச்ச கூழு மாமா" என்றாள் அருள்மொழி. மைக் இல்லாமலே கடைசி வீடு வரை கேட்டது. "பச்சத் தண்ணியிலயே பரவாது. கொதிச்சதுல எப்டிப் பரவும்?"

"உன்ன நாங்க கேக்கல. அம்மனக் கேக்கப்போறோம்."

அவர் கேட்கிற வழி பழைய வழி. தட்டில் சூடம் ஏற்றி வைப்பது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் "எங்க வூடு இல்ல" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவர்கள் கூழை ஊற்றலாம். மாரியம்மன் எதிரில் பொய்ச் சூடம் அணைத்தவளுக்கு அம்மை போட்டுக் கண் போகும் என்று அந்தத் தெரு நம்புகிறது. செல்வகுமாரியும் நம்புகிறவள்தான்.

நாற்பது பேரிடம் அருள்மொழி மூடி வைத்ததை ஒரு துண்டு சூடம் திறந்துவிடப் போகிறது.

முதலில் நாகராஜன் வீட்டுக்காரி. பட்டென்று அடித்தாள். அடுத்தது காசம்மாள்; அணைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள். மூன்று, நாலு, ஏழு. எட்டாவது கலியம்மாள். ஒன்பதாவதாக, மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, செல்வகுமாரி. அவள் தலையில் பானை ஆடிக்கொண்டிருந்தது.

பூசாரி எட்டாவது சூடத்தை ஏற்றினார். கலியம்மாள் பானையை இறக்கிக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அணை, கலியம்மா" என்றார் நாகராஜன்.

"எப்டிண்ணே அணைக்கறது?"

"இன்னா எப்டி? கையால."

"எங்க வூட்டுல ஒருத்தரும் டெஸ்ட்டு எடுத்ததில்ல. பார்த்தா தெரியாது, ரத்தம் எடுத்தாத்தான் தெரியும்னு எம்பொண்ணு அன்னிக்கு சொல்லிச்சி. தெரியாத ஒண்ணுக்கு அம்மன் எதிரில நான் எப்டி சத்தியம் பண்ணுவேன்?" நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்க வூட்டுல எடுத்துட்டீங்களாண்ணே? நீங்க நெல்லு லோடோட மாசத்துக்குப் பத்து நாளு மெட்ராஸு போறீங்களே."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். நாகராஜன் வீட்டுக்காரி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப உங்க வூடுன்னு ஒத்துக்கறியா?" என்று நாகராஜன் கத்தினார். மைக் கீச்சிட்டது.

"எப்டி வேணா வெச்சிக்கோங்க. நான் பொய்ச் சூடம் அணைக்கமாட்டேன். அணைச்சவங்க பாடு அம்மன் பாடு."

அதைச் சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கி நேரே அண்டாவில் கவிழ்த்தாள். பூசாரி தடுக்கவில்லை. அவரும் டெஸ்ட் எடுத்தவர் இல்லை.

செல்வகுமாரி சூடத்தின் பக்கம் திரும்பாமலே அண்டாவுக்கு நடந்தாள். "எனக்கும் தெரியாததுதான்" என்று முணுமுணுத்தாள். ஊற்றினாள். பத்தாவது பெண் தட்டைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், ஊற்றினாள். அதற்கப்புறம் ஒருத்தியும் கையைத் தூக்கவில்லை. சூடம் தட்டிலேயே எரிந்து, கருகி, தானாக அணைந்தது.

இதற்காகத் தெரு திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிப் பேர் அன்றைக்குக் கூழ் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார்கள். நாகராஜன் அடுத்த வாரத்திலிருந்து சோகைக்கு வர வேண்டாம் என்று கலியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். நவீன்குமார் மட்டும் சுவேதாவுக்குப் போன் செய்து, செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்றான். "பாருங்க" என்று சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள்.

கோயிலுக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தில் செல்வகுமாரி அருள்மொழியின் பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"உங்கம்மா காப்பாத்துனாங்க. நீ இல்ல. அத ஞாபகம் வெச்சிக்கோ."

"தெரியும்க்கா."

"இனிமே பஸ்ஸுல என்னப் பார்த்தா பேசாத."

அருள்மொழி தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்பதுகூட நாலு பேருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம், தெரு உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, காசம்மாள் வந்தாள். கையில் கீரை இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கூரையைப் பார்த்தாள், சுவரில் பல்லியைப் பார்த்தாள்.

"அந்த டெஸ்ட்டு... அது எடுத்தா பேரு வெளிய வராதுல்ல?"

அருள்மொழிக்கு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடலாமா என்று இருந்தது. ஒரு வாரமாக எரிந்த கன்னத்துக் கீறல் இன்னும் காயவில்லை.

"வராது."

"ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லமாட்டாங்க. சரி. கூட வர்றவங்க?"

"நானா?"

"நீ சொல்லமாட்டே" என்றாள் காசம்மாள் அவசரமாக. "அதான் ஊரே பார்த்துச்சே. செத்தாலும் சொல்லமாட்டே. அதான்டி உன்கிட்ட வந்தேன்."

உள்ளே கலியம்மாள் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது.

"நாளைக்குக் காலையில ஆறே முக்கால் பஸ்ஸு" என்றாள் அருள்மொழி. "பெரியப்பாவையும் இட்டுக்கினு வாங்க."

"அவரா? அவரு எதுக்குடி?"

"நேத்து சூடம் அணைச்சது உங்க ஒருத்திக்கு மட்டுமா? வூட்டுக்கே சேத்துத்தான அணைச்சீங்க?"

"ஆறே முக்கால்தான?" என்றாள் காசம்மாள். இந்தத் தடவை பேரம் பேசவில்லை. வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதியானதும் இறங்கி, வேகமாக நடந்தாள்.